நாலாம் மாடியில் இறங்க வேண்டியவர்

வீட்டுச் சாமான்களை இறக்கிவைத்த கையோடு, உதவிக்கு வெளியூரிலிருந்து வந்த அண்ணன் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டான். சுவரெல்லாம் ஈரம் ஊறியிருக்கிறது, குழாயைத் திறந்தால் உறுமுகிறது, சுவிட்சைத் தொட்டால் பொறி பறக்கிறது.

"இந்தக் கட்டடத்துக்கு வயசு உன்னையும் என்னையும் கூட்டினா வரும் போலிருக்கு. வேற வீடே கிடைக்கலையா உனக்கு?"

அவள் அப்பாவின் சக்கர நாற்காலியைக் குளியலறைக்குள் தள்ளிக் காட்டினாள். இடிக்காமல், உரசாமல் உள்ளே போனது. புதுக் கட்டடங்களில் ஏறி இறங்கிப் பார்த்தாயிற்று. எங்கேயும் குளியலறைக் கதவில் நாற்காலி நுழையவில்லை. இங்கே கதவுகள் அகலம், அறைகள் பெரிது, ஜன்னலைத் திறந்தால் காற்று தாராளமாக வந்தது. அப்பாவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரியும் அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையும் ஒரே தெருவில். வாடகையும் கட்டுப்படியாகும். ஐந்தாவது மாடி என்றாலும் லிஃப்ட் இருந்தது.

அந்த லிஃப்ட்தான் கொஞ்சம் கிறுக்கு. கையால் இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மேலே போகும்போது நாலாம் மாடியில் நின்றுவிடும். கதவைத் திறந்து மூடினால்தான் மறுபடி நகரும். அந்த மாடியில் குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. நீளமான இருட்டு நடை, பூட்டிய கதவுகள், அவ்வளவுதான்.

முதல் நாளே எதிர்வீட்டு அக்கா சொல்லிவைத்தாள். தண்ணீர் மோட்டார் சாவி அவளிடம் இருந்ததால் கட்டடம் முழுக்க அவளுக்கு மோட்டார் அக்கா என்று பெயர்.

"நாலுல நின்னா கதவைத் திறந்து வச்சுட்டுக் கொஞ்சம் பொறும்மா. உடனே சாத்திடாத."

"எதுக்குக்கா?"

"இங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம். நீயும் செஞ்சுடு."

அப்பாவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வலப்பக்கத்தைச் சாய்த்தபோது பேச்சையும் வாரிக்கொண்டு போய், இரண்டே இரண்டு வார்த்தைகளை மட்டும் விட்டுவைத்திருந்தது. இரு. ரைட்.

நாலாம் மாடியில் அவள் கதவைத் திறந்ததும் "இரு" என்பார். இருட்டு நடையையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "ரைட்." அவள் சாத்துவாள். பழைய பழக்கம் விட மாட்டேன் என்கிறது என்று அவளுக்குச் சிரிப்பாக இருக்கும். கண்டக்டராக அவருக்கு அதில் ஒரு பெருமை உண்டு. கடைசி ஆள் தரையில் கால் ஊன்றாமல் அவர் ஒரு நாளும் ரைட் கொடுத்ததில்லை.

மழை கொட்டிய ஒரு சாயங்காலம் இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார்கள். அப்பாவுக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுக்கம். அவளுக்கோ நாள் முழுக்க நின்ற கால் கடுப்பு. லிஃப்ட் வழக்கம்போல நாலில் நின்றது. திறந்தாள்.

"இரு" என்றார் அப்பா.

"இருக்கறதுக்கு இதுவாப்பா நேரம்? ஜன்னி கண்டுடும்."

படக்கென்று சாத்தினாள். அப்பா இடது கையால் கம்பியைப் பிடிக்கப் பார்த்தார். அதற்குள் லிஃப்ட் கிளம்பிவிட்டது.

ஐந்தாம் மாடியில் நாற்காலியை இழுத்தபோது கனத்தது. ஈரத்துணியின் கனமாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிரவே வீட்டில் ஒரு வாசனை தட்டியது. மூட்டு வலிக்குத் தடவுகிற தைலம். அவளுக்குத் தெரியாத தைலமா? ஆனால் இது அவள் கடைக்கு வருவது நின்றே போன பழைய சரக்கு.

காலையில் அவள் காபி கலந்துகொண்டு வந்தபோது அப்பாவின் வலது கை தூக்கியிருந்தது.

இனி எழாது என்று மருத்துவர் கைவிரித்த கை. பக்கவாட்டில் நீண்டு, யாருக்கோ பிடிமானம் கொடுப்பதுபோல விறைத்து நின்றது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. "அப்பா, கை தூக்கிட்டீங்க" என்று ஓடிப்போய்ப் பிடித்தாள்.

ஐஸாகச் சில்லிட்டிருந்தது. மணிக்கட்டில் நான்கு விரல் பதிந்த தடம்.

அப்போதுதான் அப்பாவின் கண்களைப் பார்த்தாள். அவை அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன.

கையை மடியில் வைத்தால் மறுபடி நீண்டது. காபி இறங்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. மதியத்துக்குள் உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாற்காலியை வாசல்வரை தள்ளினாள். அதற்கு மேல் சக்கரம் உருளவில்லை.

பக்கத்து அறையில் ஏதோ தரையில் ஊன்றியது.

டொக்.

தண்ணீர் வராது என்று சொல்லத்தான் மோட்டார் அக்கா வந்தாள். கதவு திறந்ததும் மூக்கை உறிஞ்சினாள். சொல்ல வந்ததை மறந்துபோய், வாசலைத் தாண்டாமல் கிசுகிசுத்தாள்.

"அவங்கள இறங்க விடலையா நீ?"

"யாரைக்கா?"

"நாலாம் மாடியில ஒரு அம்மா இருந்தாங்க. கைத்தடி ஊனி மெதுவாதான் நடப்பாங்க. அப்பல்லாம் இந்த லிஃப்ட் கதவு திறந்திருந்தாலும் ஓடும். அவங்க ஒரு காலை வெளிய வச்சிருந்தாங்க. மேல யாருக்கோ அவசரம், பொத்தானை அழுத்திட்டாங்க." அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வழி தெரியாம உங்கப்பா கையைப் பிடிச்சுட்டு வந்திருக்காங்க. கொண்டுபோய் விட்டுடு. இப்பவே. அவரை மட்டும் விட்டுடாத."

அவள் வாசலில் நின்று, காலியான கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். "வாங்கம்மா. உங்க வீட்டுக்குப் போகலாம்."

சக்கரம் உருண்டது.

லிஃப்ட் நாலில் நின்றது. அவள் கம்பிக் கதவை முழுசாகத் திறந்தாள். வெளியே நடையில் பகல் வெளிச்சம் எட்டவே இல்லை. தைல வாசனை நெஞ்சை அடைத்தது.

"இரு" என்றார் அப்பா. குரல் காற்றாக வந்தது.

நாற்காலி தானாக முன்னால் நகர்ந்தது.

பிரேக் போட்டுத்தான் இருந்தது.

அவள் இரண்டு கையாலும் பின்னால் இழுத்தாள். முன்சக்கரம் இரண்டும் வாசற்படியைத் தாண்டிவிட்டன. அப்பாவின் வலது கை இருட்டுக்குள் முழங்கைவரை நீண்டிருந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது. இந்த மனிதரை விட்டால் தனக்கு இந்த ஊரில் யாரும் இல்லை என்ற நினைப்பு அவளை உலுக்கியது. குனிந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"நான்தாம்மா அவசரப்பட்டேன். தப்பு என்னோடது. இவர் இரு, இருன்னுதான் சொன்னார். மெதுவாவே இறங்குங்க. எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன். இவரை மட்டும் விட்டுடுங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, கம்பிக்கு வெளியே, டொக்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, டொக். அதற்கும் அப்பால் ஒரு செருப்பு தேய்ந்தது.

அப்பாவின் கை சொத்தென்று மடியில் விழுந்தது. வாசனை அறுந்தது. நடையின் கோடியில் ஒரு தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அப்பா நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"ரைட்" என்றார்.

அவள் கதவைச் சாத்தினாள். லிஃப்ட் மேலே கிளம்பியதும் அழுதாள், சிரித்தாள், அப்பாவின் தலையைக் கோதிவிட்டாள். அவர் உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. ஐந்தாம் மாடியில் மோட்டார் அக்கா காத்துக்கொண்டு நின்றாள். இவள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, கும்பிட்டாள்.

நாற்காலி இப்போது கனமில்லாமல் வெளியே வந்தது. அதை லிஃப்ட் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, அவள் கம்பிக் கதவைச் சாத்தக் கை வைத்தாள்.

"இரு" என்றார் அப்பா.

லிஃப்ட்டுக்குள் யாரும் இல்லை, தைல வாசனையும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா கும்பிட்ட கையை இறக்காமலே ஓரடி பின்வாங்கினாள்.

இந்த முறை அவள் சாத்தவில்லை. கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். கை கடுத்தது. மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா இன்னும் ரைட் சொல்லவில்லை.