தாதா பிளேடும் பால் பல்லும்

மூன்றாம் வகுப்பின் சதுரங்கக் காய்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் வாழ்ந்தன. பை கிழிந்திருந்தது. ஒரு குதிரை எங்கோ விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு சோடா மூடி தாவிக்கொண்டிருந்தது.

நாளை பக்கத்துப் பள்ளியோடு போட்டி.

"எங்கம்மா மரப்பெட்டி செஞ்சு தருவாங்க" என்று ரக்ஷா வகுப்பில் சொல்லிவிட்டாள். அம்மாவிடம் சொன்னது அதற்குப் பிறகுதான்.

அம்மா பாகீரதிக்குப் பெங்களூரு தொம்மலூரில், வீட்டுக்குக் கீழேயே மரப்பட்டறை. அவர் திட்டவில்லை. பலகையை எடுத்தார்.

இரண்டு கை விரல்களைக் கோர்ப்பது போலப் பெட்டியின் மூலைகளைக் கோர்க்க வேண்டும். அதற்குப் பலகை ஓரத்தில் வரிசையாகப் பள்ளம் வெட்ட வேண்டும். மெஷினில் அதை வெட்டுவது டேடோ பிளேடு. ரக்ஷாவின் தம்பி ஷ்ரேயாஸ் அதைத் தாதா பிளேடு என்றான்.

"தாதா வராரு, தள்ளி நில்லு" என்று அக்காவையும் இழுத்துக்கொண்டு, தரையில் அம்மா போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றான்.

கருவி விற்கும் க்ளென் அங்கிள் காலையில் இரண்டு பிளேடு செட் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்றில் நாற்பது பல். இன்னொன்றில் இருபத்து நான்கு. பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். அம்மா யோசிக்காமல் நாற்பதை மாட்டினார். பல் அதிகமென்றால் வெட்டு சுத்தம்.

பெட்டி வந்தது. ஒவ்வொரு பள்ளத்தின் அடியில், இரண்டு ஓரத்திலும் குட்டிக் குட்டி ஓட்டை.

"எறும்புக்கு ஜன்னல் வெச்ச வீடு" என்றார் அம்மா.

மிச்சப் பலகை இன்னும் ஒரு பெட்டிக்கு மட்டும்தான் வரும்.

மாலையில் க்ளென் அங்கிள் மைசூர்பாகோடு வந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெஷின் ஆடியிருக்கும்க்கா. நாப்பது பல்லு, சும்மாவா?"

பிரிக்காத இன்னொரு செட்டைப் பைக்குள் போட்டார்.

அதற்குள் மேலே வீட்டில் மைசூர்பாகுக்காக அக்கா தம்பி சண்டை. ஆளுக்கு ஒரு வாய் கடித்துத் தட்டில் வைத்துவிட்டு, இருவரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள்.

"பெருசு என்னுது."

"போடா, என்னுது."

ரக்ஷா குனிந்து பார்த்தாள். சின்னத் துண்டில் கடித்த இடம் அலை அலையாக இருந்தது. பெரிய துண்டில் ஸ்கேல் வைத்தது போல நேராக இருந்தது.

தன் முன்பல்லை நாக்கால் தடவினாள். புதிதாக முளைத்த பல். முனை முனையாக இருந்தது.

"ஈ காட்டு."

ஷ்ரேயாஸ் காட்டினான். பால் பல். முனையே இல்லை.

"சரி, பெருசு உன்னுதுதான்" என்றாள். சொன்னவள் தன் துண்டைக் கையில் எடுத்துக் கடித்த இடத்தை மறுபடி பார்த்தாள். பிறகு பட்டறைக்கு ஓடினாள்.

"அம்மா, தாதாவோட பல்ல பாக்கணும்."

அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காட்டினார். ஒரு பல் இடப்பக்கம் கூராக இருந்தது. அடுத்தது வலப்பக்கம் கூராக இருந்தது.

"இது என் பல்லு மாதிரி இருக்கும்மா. முனை இருக்கற எடத்துல ஆழமா குத்துது." ரக்ஷா மைசூர்பாகை நீட்டினாள். "அங்கிள், பைல இருக்கறது எப்படி இருக்கு?"

"அதுல பல்லே கம்மி கண்ணு."

"ஸ்வல்ப இரு, க்ளென்" என்றார் அம்மா. "அதை எடு."

அதன் பற்களின் தலை தட்டையாக இருந்தது. ஷ்ரேயாஸின் பல்லைப் போல.

அம்மா ஒரு கழிவுக் கட்டையில் வெட்டிப் பார்த்தார். பள்ளத்தின் அடி மேஜை போலச் சமமாக இருந்தது. விரலால் ஒருமுறை தடவினார். கடைசிப் பலகையை எடுத்தார்.

இருட்டுவதற்குள் பெட்டி கோர்த்துக்கொண்டது. எறும்புக்கு வழியில்லை.

க்ளென் அங்கிளும் ஒரு துண்டு மைசூர்பாக் கடித்துப் பார்த்தார். நடுவில் ஒரு சுவர் நின்றது.

"அங்க பல்லு விழுந்து ரெண்டு வருஷமாச்சு" என்றார். நாற்பது பல்லைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ரக்ஷா காய்களை அடுக்கினாள். சோடா மூடிக்கும் குதிரைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தாள்.

அப்போது ஷ்ரேயாஸ் ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, என் கீழ்ப்பல்லு ஆடுது."

பல்லை விட்டுவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

பெட்டி ஆடவில்லை.