மூஸ்டெயில் ஏரியில் ஒரு ட்றில்லும் ஒரு தூண்டில் நூலும்

“அலுமாரிக் கதவு பூட்டும் ட்றில்லை வைத்துக்கொண்டா உறைந்த ஏரியில் துளை போடப் போகிறாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, இரைமீன் கடைக்கார மார்கோ வயிறு குலுங்கச் சிரித்தாள்.

கோசலாவுக்குச் சுருக்கென்றது. ஸ்காபரோவில் ஆறு வருடமாக வீடு வீடாகச் சமையலறை அலுமாரி பொருத்திப் பூட்டுகிறவள் அவள். அந்த ட்றில் அவளுடைய வலக்கை மாதிரி. அதன் வாயில் பொருத்தவென்றே நெஞ்சளவு உயரத் திருகுத் தண்டு ஒன்றைப் புதிதாக வாங்கி வந்திருந்தாள்.

“கல்மேடு வரை போய் மீனோடுதான் திரும்புவோம்” என்றாள்.

மார்கோ சிரிப்பை நிறுத்தி, மேசைக்கடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். ஏரியின் படம். நடுவில் ஒரு பெருக்கல் குறி. அதுதான் தண்ணீருக்குள் இருக்கும் கல்மேடு. பெரிய ட்றவுட் மீன்கள் அங்கேதான் திரியுமாம். எங்கெங்கே எத்தனை அடி ஆழம் என்று படம் முழுக்க எண்கள். கிழக்கில், ஆறு வந்து விழும் பக்கம் மட்டும் சிவப்புப் பென்சிலால் கிறுக்கியிருந்தது. “அங்கே மட்டும் போகாதே. நீரோட்டம் அடியிலிருந்து பனியைத் தின்றுகொண்டே இருக்கும்.”

மறுநாள் காலை கோசலாவும் கணவன் சீலனும் புறப்பட்டார்கள். அவளுடைய தம்பி துஷ்யந்தன் கரையிலிருந்த வாடகைக் குடிசையை விட்டு அசையவில்லை. “எனக்கு மீன் வேணும், குளிர் வேண்டாம். சோறு காய்ச்சி வைக்கிறன், போயிட்டு வாங்கோ அத்தான்” என்றான்.

இந்தப் பயணமே சீலனுக்காகத்தான். யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடலில் பதினாறு வயதிலிருந்து வள்ளம் ஓட்டியவன். கல்யாணமாகிக் கனடா வந்து எட்டு மாதம். பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறான். முறைப்பாடு ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் அவளை வள்ளத்தில் ஏற்றிப்போய் முதல் மீனைத் தூக்கியபோது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவள் பார்த்திருக்கிறாள். இங்கே அது ஒருநாளும் வரவில்லை.

சாமான்களைச் சறுக்குவண்டியில் இழுத்தபடி உறைந்த ஏரிமேல் இரண்டு கிலோமீற்றர் நடந்து கல்மேட்டுக்கு வந்தார்கள். கோசலா பக்கக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ட்றில்லை மெதுவான வேகத்தில் ஓட விட்டாள். தண்டு பனியைச் சீவிச் சீவி வெளியே தள்ளியது. ஒன்றரைச் சாண் ஆழத்தில் ‘பொளக்’ என்று தண்ணீர் மேலே வந்தது.

“ஒரு நிமிசமும் ஆகேல்ல” என்று சீலன் வாய்பிளந்தான்.

“தொடாதேங்கோ. இது என்ர” என்று சிரித்தாள் அவள். துளையில் மிதந்த பனித்தூளைக் ஓட்டைகள் உள்ள கண்ணகப்பையால் அள்ளி எறிந்தாள்.

சீலன் ஈயக்குண்டைக் கட்டி நூலை இறக்கினான். குண்டு தரை தொட்டதும், இரு கைகளையும் அகல விரித்து நூலை அளந்தபடி மேலே இழுத்தான். விரித்த கைகளின் நீளம் ஒரு பாகம். “அஞ்சு பாகம். என்ர கைக்குப் பாகம் ஆறடி. முப்பதடி. படத்தில இருக்கிறது சரி.”

பதினொரு மணிக்கு நூல் வெட்டி இழுத்தது. சீலன் நூலை விட்டும் பிடித்தும் விளையாடி, முழங்கை நீள ட்றவுட் ஒன்றைத் துளைக்குள்ளால் தூக்கினான். அந்த வெளிச்சம் அவன் முகத்துக்கு வந்தது. கோசலா மீனைப் பார்க்கவேயில்லை.

வடக்கே வானம் சாம்பலாகிவிட்டதையும் அவள் பார்க்கவில்லை.

பனிக்காற்று திடீரென்று வந்து மூடியது. பத்து நிமிடத்தில் கரையும் வானமும் ஏரியும் ஒரே வெள்ளை. வந்த காலடித் தடங்கள் மறைந்துவிட்டன. கைபேசிகள் இரண்டும் குளிரில் செத்துக் கிடந்தன. காற்றோ ஒருமுறை இடக் கன்னத்தில் அறைந்தது, மறுமுறை வலக் கன்னத்தில்.

“இஞ்சயே இருப்பமே?” என்றாள்.

“இருட்டினா விறைச்சுப் போவம். நடப்பம்.”

ஆயிரம் காலடி எண்ணி நடந்தார்கள். பிறகு கோசலா நின்றாள். “பொறுங்கோ, ஒரு துளை போட்டுப் பாக்கிறன்.”

தண்டு வைத்ததும் சடாரென்று இறங்கியது. பனி நாலு விரல் தடிப்புத்தான். அடியில் தண்ணீர் ஓடும் சத்தம்கூடக் கேட்டது.

“அசையாதையும்” என்றான் சீலன். குனிந்து நூலை இறக்கினான். “மூண்டு பாகம். கோசலா, ஆத்துப் பக்கம் வந்திட்டம்.”

இருவரும் குப்புறப் படுத்து, சறுக்குவண்டியை இழுத்தபடி, ஊர்ந்தே பின்வாங்கினார்கள். தடித்த பனிக்கு வந்ததும் சீலன் படத்தை விரித்தான். “ஆத்துக்கு முதுகைக் காட்டி நடந்தா கல்மேடு, அஞ்சு பாகம். அங்கயிருந்து எங்கட கரைக்குப் போற வழியில முதல் ஒன்பதுக்கு இறங்குது. பிறகு ஏழு, நாலு, ரெண்டு. நீர் துளை போடும், நான் ஆழம் பாக்கிறன். கடலில மூடுபனிக்குள்ள இப்பிடித்தான் கரை பிடிப்பம்.”

கோசலா ட்றில்லை ஓட்டும் உபரி பற்றறியை ஜக்கெற்றுக்குள், அக்குளோடு ஒட்டி வைத்தாள். குளிர் பட்டால் அதுவும் போய்விடும்.

ஒரு துளை: ஐந்து பாகம், கல்மேடு. இன்னொரு துளை: ஒன்பது. “சரியான வழி” என்றான். அடுத்தது ஏழு. கோசலாவுக்கு அழுகை வந்துவிடும்போல் சந்தோசமாக இருந்தது.

அடுத்த துளையில் தண்டு பழைய வெடிப்பொன்றில் சிக்கியது. ட்றில் முழு வேகத்தோடு அவள் கையை முறுக்கி எறிந்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சீலன் பக்கத்தில் முழந்தாளிட்டான். “உடைஞ்சிட்டுதே?”

“தெரியேல்ல. பிடிக்கேலாது.” பல்லைக் கடித்துக்கொண்டு ட்றில்லை அவனிடம் தள்ளினாள். “ரெண்டு கையாலயும் பிடியுங்கோ. அமத்தாதேங்கோ, அது தானா இறங்கும். சிக்கினா உடன விரலை எடுங்கோ.”

அவன் அவள் சொன்னபடியே துளை போட்டான். “நூலை நான் விடுறன்” என்று அவள் குண்டை இறக்கினாள். இடக்கையால் இழுத்து, வலியோடு கைகளை விரித்து எண்ணினாள். “எட்டு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏழு எட்டாகிவிட்டது. ஆழம் கூடினால் நடு ஏரிக்குப் போகிறோம் என்று அர்த்தம்.

“திரும்புவம்” என்றாள். “பிழையா வந்திட்டம்.”

சீலன் வண்டிக் கயிற்றை எடுத்தான். இரண்டடி வைத்தவன் நின்றான். “நூலை இன்னொருக்கா விடும். எண்ணிக் காட்டும்.”

அவள் எண்ணினாள். அவன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எதிரில் வந்து, தன் கைகளை அவள் கைகளோடு ஒட்டி விரித்தான். அவன் விரல்கள் இரண்டு பக்கமும் அரையடி வெளியே நின்றன.

“உம்மட பாகம் அஞ்சடி” என்றான். “எட்டு எண்டா நாப்பதடி. என்ர கணக்கில ஏழுக்கும் குறைவு. சரியாத்தான் வந்துகொண்டிருக்கிறம், கோசலா. திரும்பியிருந்தா...” அவள் நெற்றியில் தன் நெற்றியை ஒரு கணம் முட்டினான்.

அதன்பிறகு அவன் துளை போட, அவள் தன் கைக்கே கணக்குப் பார்த்தாள். முப்பதடி. இருபத்தைந்து. பற்றறி முனகத் தொடங்கியது. அக்குளில் இருந்ததை மாற்றினார்கள். பத்தடியில் நாணல் தட்டைகள் பனிக்குமேல் தலை நீட்டின. எங்கோ முன்னால் கார் ஹோர்ன் விடாமல் அலறுவது கேட்டது.

துஷ்யந்தன் கரையில் காரின் கதவைத் திறந்து வைத்து, ஹோர்னை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தான். அவர்களைக் கண்டதும் ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்தான். “ரெண்டு மணித்தியாலமா அடிக்கிறன்” என்றான்.

மணிக்கட்டு உடையவில்லை, சுளுக்குத்தான் என்று ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அன்று மாலை குடிசையில் ட்றவுட் குழம்பு கொதித்தது. ஒருவருக்கொருவர் எவ்வளவு அன்பாக இருந்தாலும், யாருடைய கையால் அளந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது என்று கோசலா நினைத்தாள்.

கட்டுப்போட்ட கையால் அவளுக்குச் சோறு எடுக்க முடியவில்லை. சீலன் முள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்து, குழைத்து, ஒரு கவளத்தை அவள் வாயருகே நீட்டினான்.

“தம்பி இருக்கிறான்” என்று அவள் கிசுகிசுத்தாள்.

“நான் பாக்கேல்ல” என்றான் துஷ்யந்தன், சட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

கோசலா வாயைத் திறந்தாள்.