சக்கரத்துக்கு மேல் கீழ் இல்லை

சுதந்திர தினத்துக்கு மறுநாள் காலை பொன்னுத்தங்கத்தின் அலுவலகத்துக்கு மாரிசெல்வி படியேறி வந்தபோது, அவருடைய உதவியாளன் முனியராஜ் எரிந்துபோன கிட்டங்கி ஒன்றின் படங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. அழுது முடித்த முகம். பேச்சு மட்டும் தெளிவாக வந்தது.

தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் அவளுடைய அப்பா கோட்டைச்சாமி வாட்ச்மேன். காவலோடு லோடு தூக்குவதும் அவர் வேலைதான். ஆண்டுதோறும் அங்கே கொடி கட்டுபவரும் அவரே. நேற்று முதலாளி கயிற்றை இழுத்ததும் பூக்கள் உதிர்ந்து கொடி விரிந்தது. பச்சை மேலே, காவி கீழே. கூட்டம் கொதித்துப் போனது. நிமிர்ந்து கொடியை நன்றாகப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டு நின்றாராம் கோட்டைச்சாமி. அந்தத் திமிர்தான் யாருக்கும் பொறுக்கவில்லை. இப்போது அவர் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறார்.

"வேணும்னு தலைகீழாப் பறக்கவிட்டா மூணு வருசம் ஜெயிலாம். போன வருசந்தான், ரெண்டாயிரத்து மூணுல, சட்டத்துல சேத்தாகளாம். எங்க அத்தை செத்த கோவத்துல செஞ்சுட்டாருங்கிறாக. அப்பா வாயே தொறக்க மாட்டேங்கிறாரு" என்றாள் மாரிசெல்வி.

அத்தை என்றால் குருவம்மாள், கோட்டைச்சாமியின் ஒரே தங்கை. இரண்டு மாதங்களுக்கு முன் அதே ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தபோது உள்ளே இருந்தவர்களில் ஒருத்தி. அந்த இடத்தை மதிப்பிடப் போனவர் பொன்னுத்தங்கம்தான். வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடையில் உட்காராமல் தீக்காப்பீட்டு சர்வேயராகப் போன பெண்மணி. சாம்பலைக் கேட்டால் அது இவரிடம் உண்மையைச் சொல்லிவிடும் என்று பட்டாசு வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அன்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கூடப் போன முனியராஜ் எல்லாவற்றையும் பார்த்தான். அறையின் ஒரு மூலையில் ஆள் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளம். நடுவில் கலக்கும் மேடை பாதிக்கு மேல் அப்படியே நின்றது. தடுப்புச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறப் பட்டை போட்ட இரண்டு மருந்து டிரம்கள், மூடியில் கட்டிய கயிறுகூட அவிழாமல் கிடந்தன.

பொன்னுத்தங்கம் சம்பந்தமே இல்லாமல், வீட்டில் மிளகாய்ச் செடி போட்டிருக்கிறார்களா, பழம் பறிப்பது யார் என்று கேட்டார். மாரிசெல்வி விழித்தாள்.

"அத்தைதாம்மா பறிக்கும். அப்பா கூடப் போனா ஒவ்வொண்ணா அமுக்கி அமுக்கிப் பாப்பாரு. கண்ணு இருக்கா இல்லையான்னு அத்தை கேலி பண்ணும்."

பொன்னுத்தங்கம் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். முனியராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காததற்காக அவன் என்றைக்குமே உற்சாகம் குறைந்தவன் அல்ல. சிவகாசிப் பாதையில் கார் போகும்போதே, இது கோட்டைச்சாமியின் வேலைக்குப் போட்டி போட்ட எவனோ ஒருவனின் கைவரிசை என்று முடிவு கட்டிவிட்டான். ஆள் யார் என்பதுதான் பாக்கி.

ஸ்டேஷனில் கோட்டைச்சாமி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் மணிகண்டராஜும் வந்திருந்தான். முதலாளியின் அண்ணன் மகன், வெள்ளைச் சட்டை, பதமான பேச்சு. இன்ஸ்பெக்டரிடம் அவன் கோட்டைச்சாமிக்காகவே வாதாடிக்கொண்டிருந்தான்.

"வயசான மனுசன் சார். கேஸெல்லாம் வேண்டாம். வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு, கண்ணுல ஏதோ கோளாறு. டாக்டர்ட்டக் காட்டி ஒரு சர்டிபிகேட் வாங்கிருவோம், செலவு கம்பெனி பாத்துக்கிடும்."

தங்கமான மனுசன் என்று முனியராஜ் மனசுக்குள் மெச்சிக்கொண்டான். பெஞ்சில் இருந்த கோட்டைச்சாமியோ திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல சார். கேஸே போடுங்க" என்றார். ஜெயிலுக்குப் போகிறேன் என்று கெஞ்சுகிற ஆளை இன்ஸ்பெக்டர் அன்றுதான் பார்த்திருப்பார்.

பொன்னுத்தங்கம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, கொடியைப் பார்க்க அனுமதி கேட்டார். பலமுறை துவைத்து வெளுத்த கதர்க்கொடி. முனியராஜும் கான்ஸ்டபிளும் தரையில் படாமல் மேஜைமேல் விரித்தார்கள். கம்பத்துப் பக்க ஓரத்தில் கித்தான் பட்டை. அதற்குள் ஒரு கயிறு, கயிற்றின் ஒரு நுனியில் விரல் நீளத்துக்கு மரக்கட்டை. கொடிக்கயிற்றின் வளையத்தில் அதை மாட்டித்தான் ஏற்றுவார்கள். அது எப்போதும் காவிப் பக்கம் இருக்க வேண்டும். இந்தக் கொடியில் பச்சைப் பக்கம் இருந்தது. பட்டையின் இரு முனையிலும் பழைய தையலுக்குப் பதிலாகப் புது நூல்.

"கயித்தை உருவித் திருப்பிப் போட்டுத் தச்சிருக்காக" என்றார் பொன்னுத்தங்கம். "ஆனா நெறம் பாத்துக் கட்டுற ஆளு எவனும் இதுல ஏமாற மாட்டான். கட்டை எங்கன இருந்தாலும் காவியைத்தான் மேல வப்பான். அப்ப, நெறம் பாக்காமக் கட்டையை மட்டும் பாத்துக் கட்டுற ஆளுக்குன்னே செஞ்ச வேலை இது."

கோட்டைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, வேண்டாம்மா. அதோட விட்ருங்க."

பொன்னுத்தங்கம் விடவில்லை. கொடியின் நடுவில், தொடாமல், கையை நீட்டிக் காட்டினார். நாற்பத்தேழுக்கு முன்னால் போராட்டத்தில் பிடித்த கொடியில் இந்த இடத்தில் ராட்டை இருந்தது. ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் நூல் சுற்றும் கதிர். கொடியின் பின்பக்கம் பார்த்தால் அது இடம் மாறித் தெரியும். ஆகவே இரு பக்கமும் ஒன்றுபோல் தெரியவேண்டும் என்பதையும் யோசித்து, அசோகரின் தூணிலிருந்து இருபத்துநாலு ஆரக்கால் சக்கரத்தை எடுத்து வைத்தார்கள். ஓயாமல் சுழலும் அறம் என்று அதற்குப் பொருளும் சொன்னார்கள்.

"ராட்டைக் கொடின்னா தலைகீழாப் பறந்ததும் இவருக்குத் தெரிஞ்சிருக்கும். ராட்டை கவுந்து தொங்கும். சக்கரத்துக்கு மேல் கீழ் இல்ல. எப்படித் திருப்புனாலும் அதே சக்கரம். காவியும் பச்சையும் ஒண்ணாத் தெரியிற கண்ணுக்கு, இந்தக் கொடியில தலை எதுன்னு சொல்ல இந்தக் கட்டைய விட்டா வேற அடையாளமே கெடையாது. அதான் அண்ணே நேத்து நிமிந்து பாத்தும் நிம்மதியா சல்யூட் அடிச்சாரு. அவரு கண்ணுக்குக் கொடி சரியாத்தான் பறந்துச்சு."

மாரிசெல்வி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழத்துக்கும் காய்க்கும் கெட்டி வித்தியாசத்தை விரலால் பார்த்த அந்தக் கைகள் தோள்துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தன. மணிகண்டராஜ் பெருமூச்சு விட்டு, தானும் அதைத்தானே சொன்னோம், கண் கோளாறு என்று எழுதி முடித்துவிடலாம் என்றான்.

"நீங்கதான் மொதல்ல சொன்னீக" என்றார் பொன்னுத்தங்கம். "இந்த அண்ணன் அம்புட்டுப் பத்திரமா மறைச்சதை, பெத்த மகளுக்கே தெரியாததை, நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நீங்க சொன்னீக. கொடி இருந்தது உங்க பீரோவுல. வருசாவருசம் அதை எடுத்துக் குடுத்தப்ப, அவரு நெறம் பாக்காமக் கட்டையைத் தடவிப் பாத்துக் கட்டுறதைக் கவனிச்சிருக்கீக. சாவி யார்ட்ட இருந்துச்சு?"

சாவி தன்னிடம்தான் என்றும், அதில் என்ன தப்பு என்றும் கேட்டான் மணிகண்டராஜ். தனக்கு எதற்கு இந்த வேலை, கேஸே வேண்டாம் என்பவன் தானல்லவா என்றான்.

"கேஸ் உங்களுக்கு எதுக்கு? டாக்டர் சர்டிபிகேட்தான வேணும்? அடுத்த திங்கக்கிழமை வெடி விபத்தைப் பத்திக் கோட்டாட்சியர் விசாரணை இருக்கு. செகப்புப் பட்டை டிரம் எது, பச்சைப் பட்டை டிரம் எதுன்னு தெரியாத ஆளு மருந்து தூக்கிட்டுப் போய்த்தான் ரூம் வெடிச்சதுன்னு அங்கன அந்தச் சர்டிபிகேட்ட நீட்டணும். அதுக்குத்தான் ஊரு பாக்க அவரு கண்ணைக் காட்டிக் குடுத்தீக."

தங்கமான மனுசனின் முகத்தில் ரத்தம் வற்றுவதை முனியராஜ் பார்த்தான். தன் மதிப்பீடுகளைப் பற்றி அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் கோட்டைச்சாமி வாய் திறந்தார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது நெசந்தாம்மா. அன்னைக்குப் பச்சைப் பட்டை ரெண்டு எடுத்துட்டு வரச் சொன்னாக. வழக்கமா இருக்கிற எடத்துல எடம் மாத்தி வச்சிருந்தாக. கேக்க வெக்கப்பட்டு ஒரு குத்துமதிப்புல தூக்குனேன். தடுப்புச் சுவருக்கு வெளிய எறக்கிட்டு மெயின் கேட்டுக்கு வர்றதுக்குள்ள வெடிச்சிருச்சு. எந்தங்கச்சியை நாந்தான் கொன்னேன். அதை எப்படிம்மா நான் சொல்லுவேன்?"

வேப்பமரத்தடி டிரம்களை கேமராவில் முனியராஜே எடுத்த படம் அவன் கண்முன் வந்து நின்றது. ஆனால் சொல்ல வேண்டியவர் அவன் அல்ல. பொன்னுத்தங்கம் பெஞ்சில் கோட்டைச்சாமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க எறக்குன டிரம்மை யாரும் தொறக்கவே இல்ல. கட்டுன கயிறுகூட அவுக்காம வேப்பமரத்தடியில கெடந்துச்சு, நானே பாத்தேன். வெடிச்சது கலக்குற மேடையில இல்ல. மிச்ச மருந்து வைக்கிற மூலையில. மொத நாளு கலந்த மருந்து, கெடந்தா தானாச் சூடேறி வெடிக்கும். மிஞ்சுனதை அன்னைக்கே அழிச்சிரணும்னு சட்டம். சீசன் ஆர்டருக்காக வைக்கச் சொன்னது யாருன்னு திங்கக்கிழமை மேனேஜரு சொல்லட்டும். நீங்க செகப்பைத் தூக்கியிருந்தாலும் பச்சையைத் தூக்கியிருந்தாலும் அது நடந்திருக்கும்."

கோட்டைச்சாமி அவர் முகத்தையே பார்த்தார். மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பொன்னுத்தங்கம் மறுபடியும் சொன்னார். பெரியவர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அடக்க முடியாமல் வந்த அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் கான்ஸ்டபிள் வெளியே போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பிரிவை ஒருதரம் படித்தார். "வேண்டுமென்றே" என்ற இடத்தில் விரல் நின்றது. மணிகண்டராஜை உட்காரச் சொன்னார். கோட்டைச்சாமியை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

காரில் ஏறியதும் கோட்டைச்சாமி வீட்டுக்கு வேண்டாம் என்றார். தங்கச்சி வீட்டு வாசலில் இறக்கிவிடச் சொன்னார். சாவு விழுந்த நாளிலிருந்து அவர் அங்கே போகவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூடப் போகவில்லை என்று மாரிசெல்வி மெதுவாகச் சொன்னாள். அத்தை வீட்டில் அதைப் பெரிய மனக்குறையாக வைத்திருந்தார்களாம்.

வாசலில் நின்றிருந்த குருவம்மாளின் புருசன் இவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோட்டைச்சாமி உள்ளே போகாமல் படியிலேயே நின்று, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் தங்கச்சி புருசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு நெறம் தெரியாது மாப்ள. அது அவளுக்கு மட்டுந்தான் தெரியும். சின்னப் பிள்ளையில இருந்து யார்ட்டயும் சொல்லாம எனக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டே இருந்தா. நேத்து அவ இருந்திருந்தா, அண்ணே, கொடி தலைகீழாப் பறக்குதுன்னு வந்து காதுல சொல்லியிருப்பா."