மூன்றாம் நம்பர் அறை

தங்கை ருக்கு செத்த மூன்றாம் நம்பர் அறையிலேயே டாக்டர் அலெக்சாண்டர் தன் டேப் மெஷினைக் கொண்டுவந்து வைத்தது சின்னத்தாயிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆராய்ச்சி செய்ய வேறு அறையே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு?

1963, மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். கன்டோன்மென்ட் ஓரத்து அந்தத் தனியார் மனநோய் ஆஸ்பத்திரியில், ஜோகுபாளையத்து சின்னத்தாயி ஒன்பது வருஷமாக ஆயா. காய்ச்சலும் பிதற்றலுமாகக் கிடந்த தங்கை ருக்குவை நம்பி இங்கேதான் சேர்த்தாள். போன மாதம் பட்டப்பகலில், பூட்டிய இந்த அறைக்குள் ருக்கு நாக்கு வறண்டு செத்தாள். சாவியோடு பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த டாக்டர், யாரும் கூப்பிடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ருக்கு கூப்பிட்டது கேட்டது என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். அதற்காகவே அவள் வேலையை விடவில்லை.

டாக்டர் ஹெட்போனை நீட்டினார்.

"ரெண்டு காதுலயும் ரெண்டு குரல் வரும், சின்னத்தாயி. வலது காதுல கேக்கறதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்லு. இடது பக்கம் வர்றது காதுல விழும், மனசுல ஏறாது. மனசோட வாசல் சின்னது. ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் உள்ள விடும்."

"யார் கூப்பிட்டாலுமா சார்?"

"சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா சில சமயம் ஏறும்."

எங்கோ ஒரு நோயாளி அலறினாள். சின்னத்தாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷப் பழக்கம். டாக்டரின் பேச்சைக் கேட்டுத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மொதல்ல நீங்க மாட்டிக்கோங்க சார். பாத்துட்டு நான் செய்றேன்."

சிரித்தபடி மாட்டிக்கொண்டார். ரீல் சுழன்றது. "மரம்... குதிரை... ஜன்னல்..." என்று மளமளவெனச் சொன்னார்.

நனைந்த பாயின் வாடை எழுந்தது. ருக்குவின் பாயை எரித்து ஒரு மாதமாகிறது.

"மேஜை... விளக்கு... அலெக்சாண்டர் சார்..."

அவர் முகம் வெளுத்தது. வாய் நிற்கவில்லை; குரல் ருக்குவுடையதாக இருந்தது.

"தண்ணி சார்... கதவைத் தெறங்க சார்... நீங்க புஸ்தகம் பொரட்ற சத்தம் எனக்குக் கேக்குது சார்..."

"கேட்டுச்சா இல்லையா? சொல்லுய்யா!" அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள் சின்னத்தாயி.

"கேட்டுச்சு," என்றார், தன் சொந்தக் குரலில். "எப்பவும் பண்ற கலாட்டான்னு விட்டுட்டேன்."

பாவி! அவள் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். ரீல் நின்றது. அவரும் ஹெட்போனைக் கழற்றி வீசினார்.

வாய் மட்டும் நிற்கவில்லை.

"அக்கா..."

அவர் கண்கள் மெல்ல அவள் பக்கம் திரும்பின.

"சின்னத்தாயி அக்கா. வாளியோட வாசல்ல போனியே. உன்னையும் பேர் சொல்லித்தானே கூப்பிட்டேன்?"

ருக்கு செத்த அன்று இந்த அறை வாசல் வராந்தாவைத் துடைத்தது அவள்தான்.

"இல்லடி" என்று கத்த வாயைத் திறந்தாள்.

"தண்ணி..." என்று வந்தது.