ஹியூவுக்கு முன்னால் விடுபட்ட சொல்

ஜனவரி 14, புதன்

ஒரு சிறு பிழை விட்டுவிட்டேன். ஹியூ என்ற பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடவில்லை.

பகலில் மார்க்கம் நகரில் ஓர் அச்சகத்தில் மரண அறிவித்தல்கள் தட்டச்சுகிறேன். சில மாலைகளில் வரலாற்று வகுப்பு. இந்தக் கிழமை ஒப்படை, வோல்ரர் டி ஹாக்கம் என்ற ஆங்கிலேயப் பிரபுவின் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் ஒழுங்குபடுத்துவது. பதினான்கு வயதில் ஒரு போர்வீரரிடம் பணியாள். ஸ்கொட்லாந்துப் போரில் வீரப்பட்டம். இருபத்தெட்டில் ஒரு கோட்டை, பிறகு அரச சபை. நாற்பத்துமூன்றில் கலகத்தில் சேர்ந்து தலை போனது.

உறவுமுறை குழம்பாதிருக்க, முதலில் தமிழில் எங்கள் அறிவித்தல் வடிவத்திலேயே அடித்தேன். "காலஞ்சென்ற றிச்சேட் பிரபுவின் அன்பு மகனும், காலஞ்சென்ற மாட்டில்டாவின் அன்புக் கணவரும், ஹியூவின் பாசமிகு தம்பியும் ஆவார்."

கோட்டை உண்மையில் அண்ணன் ஹியூவுக்குச் சேரவேண்டியது. அவர் இறந்த திகதி எந்த ஆவணத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆதாரமில்லாமல் ஒருவரைச் சாகடிக்கக் கை வரவில்லை.

என் அண்ணா வினோதன் வாசித்துச் சிரித்தார்.

"எழுநூறு வருசமா ஆள் உயிரோட இருக்கிறாரோ? எந்த வயோதிபர் பில்டிங்கில?"

நாங்கள் இருவரும் போன மாதம்தான் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அடுக்குமாடியின் இந்தப் பதினேழாம் மாடிக்குக் குடிவந்தோம். அண்ணாவின் கட்டில் வெளிச்சுவரோடு ஒட்டியிருக்கிறது. அதற்கு அப்பால் வீடில்லை. வெறும் காற்று.

ஜனவரி 16, வெள்ளி

ஐந்தரைக்கு வேலையால் வந்தேன். இருட்டிவிட்டது. வீடு முழுக்க ஈரச் சுண்ணாம்பு மணம். அண்ணா படுத்திருந்தார். நேற்றிலிருந்து மூச்சு முட்டுகிறதாம். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தும் ஒரு குறையும் தெரியவில்லையாம்.

"துவாரகா, உந்தச் சுவரில காதை வை."

வைத்தேன்.

உள்ளே நகத்தால் சுரண்டும் சத்தம்.

பத்துத் தரம் சுரண்டும். பிறகு நிற்கும். அப்போது யாரோ மூச்சை இழுப்பது கேட்கும். அது இழுக்கும்போதெல்லாம் அண்ணாவுக்கு மூச்சு நின்றது.

இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மணிக்கூட்டை வைத்து எண்ணினேன். எண்ணிக்கை பிழைத்திருக்கலாம் என்று மறுபடி எண்ணினேன்.

எண்ணிக்கை பிழைக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை செலீனிடம் ஹியூவைப் பற்றிக் கேட்டேன். பின்னாளில் கோட்டையை இடித்தபோது, சுவருக்குள் நின்றபடியே ஓர் எலும்புக்கூடு இருந்தது என்றார். அண்ணனை உயிரோடு வைத்துக் கட்டிவிட்டு, அவர் கடல் கடந்து போய்ச் சுகமாக இருக்கிறார் என்றே வோல்ரர் சாகும்வரை சொல்லிவந்தாராம். அதனால் ஹியூவுக்காக ஒருவரும் அழவில்லை. கிரியை எதுவும் நடக்கவில்லை.

அதே பொய்யைத்தான் நானும் அடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணாவின் உதடுகள் நீலமாக இருந்தன. அம்புலன்சுக்கு அழைத்தேன். காத்திருந்த நேரத்தில், அவரை விழித்திருக்க வைப்பதற்காக, செலீன் சொன்னதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அந்த மனுசனைச் சாகவிடு, துவாரகா."

கணினியைத் திறந்தேன். ஹியூவுக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று அடித்தேன்.

சுரண்டல் நின்றது.

அம்புலன்ஸ்காரர் வந்தபோது அண்ணா எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரி 20, செவ்வாய்

அண்ணா நன்றாக மூச்சு விடுகிறார். காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டார். நான் அச்சகத்தில் திருத்திய பக்கத்தை அச்செடுத்தேன். அடியில், உயிரோடிருக்கும் உறவினர் பெயர் வரவேண்டிய இடத்தில், நான் அடிக்காத ஒரு வரி இருந்தது.

"தகவல்: தம்பி வோல்ரர்."

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அண்ணாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம், நான் நின்ற இடத்துக்கு அருகில், கல்லின்மேல் கல்லை வைத்துக் கரண்டியால் சாந்தை வழிக்கும் சத்தம். அவசரமில்லாத, பழகிய கை.

ஒருவரும் இல்லை.

கதவைத் திறந்தேன். வாசற்படியில் ஒரு விரல் உயரத்துக்கு ஈரச் சாந்து. அண்ணாவை எழுப்பி, யூனியன்வில்லில் அன்ரி வீட்டுக்குப் போவோம் என்று கெஞ்சினேன். அவருக்கு நித்திரைக் கண்.

"எனக்கு ஒண்டுமில்லை. சுகமாத்தானே இருக்கிறன். உனக்குத்தான் விசர், போய்ப் படு."

போகவில்லை. கதவு மூடாதபடி நிலைக்கு நடுவே கதிரையைப் போட்டு, அதில் இருந்து இதை எழுதுகிறேன். அண்ணா குறட்டை விடுகிறார். கரண்டிச் சத்தம் நிற்கவில்லை.

என் குதிக்கால்கள் சாந்தில் ஈரமாகிவிட்டன.

நாளை: காலையில் முதல் வேலையாக ஸ்குரூட்ரைவர் வாங்கி, அண்ணாவின் அறைக்கதவைக் கழற்றவேண்டும்.