மஞ்சள் குடோனில் பச்சை விளக்கு!

மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து இழுத்து வந்து, குடோன் வாசலில் கிடத்தியிருந்தார்கள் மயில்சாமியை.

வாயோரம் நுரை. மூச்சு இல்லை!

பெருந்துறையில் அவருடைய சொந்தக் குடோன் அது. மூட்டைகளுக்குப் பூச்சி மருந்துப் புகை போட்ட பிறகு, ஃபேன் ஓடி விஷக்காற்றை வெளியே தள்ளும். அப்புறம்தான் வாசலில் பச்சை விளக்கு எரியும்.

இன்று காலை பச்சை எரிந்தது. மனுஷர் நம்பி உள்ளே போனார். அவ்வளவுதான்!

"இந்தம்மணிதாங்க கொன்னுபோட்டா!"

கத்தியவன் பிரவின்குமார். மயில்சாமியின் அக்கா மகன், குடோன் மேனேஜர்.

அவன் விரல் நீட்டிய இடத்தில் ஜெனிஷா நின்றுகொண்டிருந்தாள். சரவணம்பட்டி கம்பெனி ஒன்றின் இன்ஜினீயர். ஃபேனையும் விளக்கையும் ஆட்டிவைக்கிற கையகல லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியவள். ஸ்கிரிப்ட் என்றால் பயப்படாதீர்கள்... பெட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய கட்டளைகள்.

"மேடம்... நான் எங்கியாச்சும் தப்பா எழுதியிருந்தா..." குரல் உடைந்தது. "மாதாவே! ஒரு உசுருங்க!"

"அழுகாதீங்க அம்மணி. அழுதா கேஸ் நகராது," என்றார் இன்ஸ்பெக்டர் பொற்கொடி.

பெட்டியோடு இணைத்திருந்த லேப்டாப்பை பிரவின்குமார் திருப்பிக் காட்டினான்.

"பாருங்க மேடம்! பெட்டிக்குள்ள இருந்த ஃபைலு. ஃபேனை நிறுத்து, பச்சையைப் போடுன்னு எழுதியிருக்கு. கீழ இவங்க பேரு! ஜெயிலுக்கு அனுப்ப வேறென்ன வேணுங்க?"

ஜெனிஷா எட்டிப் பார்த்தாள். அவள் பெயரேதான்! ஆனால் எழுதிய ஞாபகமே இல்லையே...

"ஏனுங் மேடம், மொத வரியில இருந்து பாக்கட்டுங்களா?"

"பாருங்க."

பார்த்தாள். அழுகை சட்டென்று நின்றது!

"இது பேஷ் கேக்குதுங்க..."

"ஆரு அவன்? எந்த ஊரு?"

"ஆளில்லைங்க. ஸ்கிரிப்டைப் படிச்சு ஓட்டற புரோகிராமு. லேப்டாப்புல இருக்கும். இது துளியூண்டு பெட்டிங்க, பேஷ் வெக்க எடமில்லை. அதே வேலை செய்யற வேற குட்டி புரோகிராமுதான் வெச்சிருக்கோம். இதுக்கு எழுதறப்ப நான் மொத வரியில பேஷ்னு போடவே மாட்டேங்க!"

அந்த ஃபைலைப் பெட்டியிலேயே ஓடவிட்டாள்.

திரையில் ஒரே பதில். நாட் ஃபவுண்ட்... பேஷைக் காணோமாம்!

"பாத்தீங்களா? இது ஒருக்காகூட ஓடலைங்க மேடம். ஃபேனை நிறுத்துனது இதில்லை!"

"அதெப்படிங்க ஓடாம போவும்?" பிரவின்குமார் எகிறினான். "என்ற லேப்டாப்புல நல்லா ஓடுச்சே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

பொற்கொடி அவனையே பார்த்தார். "இந்தம்மணி பேரைப் போட்டு நீங்க எழுதி வெச்ச ஸ்கிரிப்ட் கைவிட்டுடுச்சு... ஃபேன் நிக்கலை. அதனால நீங்களே போயி சுவிட்சை அணைச்சுபோட்டீங்க. ஃபேன் ஓடுதுன்னு நெனச்சு பெட்டி பச்சையைப் போட்டுடுச்சு. சுவிட்ச் ரூம் சாவி ஆருகிட்டங்க தம்பி?"

அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் தொங்கியது!

"மாமன் குடோனை வித்துப்போடறேன்னாருங்க... எனக்குன்னு இருந்ததே இது ஒண்ணுதாங்க..."

ஜெனிஷா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தப்பித்தாள். ஆனால் நிம்மதி வரவில்லை.

"ஃபேன் நெசமாலுமே சுத்துதான்னு பாக்கச் சொல்லி நான் ஒரு வரி எழுதலையேங்க..."

பொற்கொடி அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, விலங்கை எடுத்தார்.

"வாங்க தம்பி, போலாங்க. இனிமே கொலை பண்றதுன்னா... ஓட்டப்போற பெட்டியிலயே டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க!"