ஃபிலிமுக்கு அடியில்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: நர்ஸ் மைதிலி, அவருடைய ஒரு வயது மகள், ஜன்னல் கண்ணாடியில் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டும் ராசப்பன், ஓசூரில் இரவு ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நான். வேறு யாரும் இல்லை என்றுதான் நினைத்தோம்.

மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில், பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே ஒற்றை அறை வீடு. பிற்பகலிலேயே மூடுபனி வாசல்வரை வந்திருந்தது. குழந்தையின் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. கண்ணாடியின் மூலையில் விரிசல். உடைந்தால் துண்டுகள் குழந்தைமேல் தெறிக்கக் கூடாது என்றுதான் மைதிலி போன மாதம் ஃபிலிம் ஒட்டச் சொன்னார்.

விரிசல் விட்ட கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டக் கூடாது. கண்ணாடியை மாற்ற வேண்டும். ராசப்பனுக்கும் அது தெரியும். ஆனால் அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து மலை வளைவுகளில் ஏறிவரும் கண்ணாடி பாதி வழியிலேயே நொறுங்கிவிடும். அதனால் விரிசலின் மேலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

இப்போது அதில் ஒரு குமிழி. அதைப் பார்க்கத்தான் மைதிலி எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

"ஒட்டறப்ப தெளிச்ச சோப்புத் தண்ணிங்க சிஸ்டர். காஞ்சா அடங்கீருமுங்க," என்றார் ராசப்பன்.

"ஒரு மாசமாச்சு. பெருசாத்தான் ஆகுது. பாப்பா வேற அதப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறா."

"அதப் பாத்தாச்சும் சிரிக்குதுங்களே. என்னயப் பாத்தா அழுவுது."

குமிழி உள்ளங்கை அகலம் இருந்தது. மஞ்சளாக. தொட்டேன். கண்ணாடி ஐஸ் மாதிரி சில்லிட்டது. குமிழி மட்டும் சூடாக இருந்தது.

ராசப்பன் குண்டூசியால் குத்தினார்.

தண்ணீர் வரவில்லை. எச்சில் வந்தது. கெட்டியாக, நூல்நூலாக இழுத்துக்கொண்டு, திரிந்த பால் கட்டிகளோடு. குழந்தை கக்கிய துணிகளை வாளியில் நாள்கணக்காக மூடிவைத்துத் திறந்தால் அடிக்கும் நாற்றம். ராசப்பன் விரலைச் சட்டையில் துடைத்தார். பிசுபிசுப்பு போகவில்லை. மறுபடி துடைத்தார்.

ஊசி ஓட்டை மூடிக்கொண்டது.

பிறகு, வெளியே வழிந்ததைக் குமிழி உள்ளே உறிஞ்சிக்கொண்டது.

"உரிச்சிரலாங்கண்ணா," என்றேன்.

பிளேடால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தோம். ஈரத் தோல் மாதிரி உரிந்து வந்தது. பசைப் பக்கம் முழுக்க ஈறுகளின் தடம், ஒன்றின்மேல் ஒன்றாக. பல் முளைக்காத ஈறு. ஆனால் ஒவ்வொரு தடமும் என் முகத்தளவு அகலம்.

மைதிலி மகளை வாரி எடுத்துக்கொண்டார். "இந்த ஊர்ல எனக்கு வேற வீடு கிடைக்காதே," என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "இன்னிக்கு ராத்திரி இவள இங்க படுக்க வைக்க மாட்டேன்."

"எங்க வேன்லயே கீழ வந்துருங்க சிஸ்டர்," என்றார் ராசப்பன்.

அவர்கள் வேனுக்குப் போனதும் நான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். விரிசலிலிருந்து ஓர் ஈரக் கோடு சுவரில் இறங்கி, தரையைத் தொட்டு, கட்டிலுக்கு அடியில் போயிருந்தது.

ஃபிலிமின் வேலையே பிடித்து வைப்பதுதான். அதைத்தான் உரித்துப் போட்டிருந்தோம்.

வேனுக்கு ஓடினேன். வேனுக்குள் மைதிலியின் மடியில் குழந்தை பாலுக்கு வீறிட்டது.

"பாட்டில் கட்டில்லயே இருக்கு."

"வேண்டாங்க சிஸ்டர். கீழ போயி வாங்கிக்கலாம்," என்றேன்.

"மலை இறங்குறவரை அழுவா. விட்டுட்டும் போக முடியாது, என்னை விடமாட்டா. இதோ வந்துர்றேன்."

நான் எட்டிப் பிடிப்பதற்குள் குழந்தையோடு இறங்கிப் போய்விட்டார்.

ஃபிலிம் உரித்த ஜன்னல் வழியே வீட்டுக்குள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கையில் குழந்தை. மறு கையில் பாட்டில். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, கட்டிலுக்கு அடியில் பார்த்துச் சிரித்தது.

அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.